"புரிஞ்சுது அண்ணா" என்கிறாள், மார்க் மட்டும் நகரவில்லை (ட்யூஷன் எடுக்கும் மருத்துவ மாணவர்கள் வரவும்)

#1 கழுத்தில்_ஸ்டெத்

மருத்துவம் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். அஞ்சு மாசமா வார இறுதியில ஆன்லைன்ல மூணு பேருக்கு நுழைவுத் தேர்வு ட்யூஷன் எடுக்கிறேன். ரெண்டு பேர் பரவாயில்லை. மூணாவது ஒரு பொண்ணு. கவனமா கேட்பா, நோட்டு எழுதுவா, வீட்டுப்பாடம் ஒரு நாள்கூட தவறினதில்லை. எதைச் சொன்னாலும் "புரிஞ்சுது அண்ணா". மாதிரித் தேர்வு வெச்சா நூத்துக்கு 55, 58, 56. ரெண்டு மாசமா அதே இடம்.

நான் மோசமா சொல்லிக் கொடுக்கிறேன்னு தோணலை. படம் போடுவேன், கலர் கலரா அம்பு போடுவேன், கதை மாதிரி கொண்டு போவேன். வகுப்பு முடிஞ்சா எனக்கே நிறைவா இருக்கும். ஆனா மாசக் கடைசியில அவங்க வீட்ல பணம் அனுப்பும்போது கை கூசுது. அடுத்த மாசம் எனக்கும் ஃபிசியாலஜி பரீட்சை. என்ன பண்ணட்டும்? நிறுத்திடலாமா?

#2 பழைய_வார்டு

ஒரே கேள்வி. அந்த ரெண்டு மணி நேரத்துல யார் பேசறது?

வகுப்பைப் பதிவு பண்ணுவன்னா கடைசி வகுப்பைப் போட்டுக் கேளு. அவ பேசின நிமிஷத்தை மட்டும் கூட்டி இங்க எழுது. மத்ததை அப்புறம் பேசுவோம்.

"புரிஞ்சுது"ங்கிறது பதில் இல்லைப்பா, மரியாதை. பெரியவங்க பேசி முடிச்சா "சரிங்க"ன்னு சொல்வோமே, அந்த வகை.

#3 சும்மா_வந்தவன்

கசப்பா இருக்கும், இருந்தாலும் சொல்றேன். பரீட்சையில ஜெயிச்சவன் எல்லாம் வாத்தியார் ஆயிட முடியாது. நீங்க பாஸ் பண்ணீங்க, சரி. எதனால பாஸ் பண்ணீங்கன்னு உங்களுக்கே தெரியாது. கலர் அம்பு போட்டதாலயா, அதுக்கு முன்னாடி பத்து வருஷம் நல்ல பள்ளிக்கூடம் கிடைச்சதாலயா? நீங்க படிச்ச மாதிரியே படிச்சுத் தோத்தவங்க யாரும் ட்யூஷன் எடுக்க வர்றதில்லை, அதனால அவங்க கதை நமக்குக் கேட்கறதும் இல்லை.

#4 கழுத்தில்_ஸ்டெத்

@பழைய_வார்டு அக்கா, கேட்டேன். வகுப்பு 118 நிமிஷம். அவ பேசினது 9. அந்த ஒன்பதுலயும் பாதி "ம்", "சரி அண்ணா", "குரல் கட் ஆகுது".

கேட்கவே கூச்சமா இருந்துச்சு. ஒரு இடத்துல ஒரு கேள்வி கேட்டுட்டு மூணு விநாடிகூட பொறுக்காம நானே பதில் சொல்றேன்.

அதுல ஒரு துண்டை மட்டும் எழுதறேன். கேள்வி: ரத்தம் எங்கே மிக மெதுவா ஓடும்? பெருந்தமனி (இதயத்துல இருந்து கிளம்பற பெரிய குழாய்), சிறு தமனி, தந்துகி (முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்), பெருஞ்சிரை (இதயத்துக்குத் திரும்பற பெரிய குழாய்). அவ "பெருந்தமனி"ன்னு சொன்னா. நான், "இல்லைம்மா, தந்துகி. அங்கதானே ஆக்சிஜன், சத்து எல்லாம் மாறணும், அதுக்காக மெதுவா போகுது. அதோட அங்க அழுத்தமும் குறைவு, அதனால வேகமும் குறைவு"ன்னு விளக்கினேன். "புரிஞ்சுது அண்ணா". அடுத்த வாரம் அதே கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டேன், மறுபடி பெருந்தமனி.

#5 இயற்பியல்_வாத்தியார்

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண்ணின் விடை தவறு. ஆனால் அவள் யோசித்திருக்கிறாள். உங்கள் விடை சரி. காரணங்கள் இரண்டும் தவறு.

முதலில் உங்கள் பக்கம். "பரிமாற்றம் நடக்க வேண்டும், அதற்காக மெதுவாகப் போகிறது" என்றீர்கள். அது பயன், காரணம் அல்ல. ரத்தத்துக்குத் தான் எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று தெரியாது. அடுத்தது, "அழுத்தம் குறைவு, அதனால் வேகம் குறைவு". அப்படியானால் பெருஞ்சிரையைப் பாருங்கள். அங்கே அழுத்தம் கிட்டத்தட்ட சுழி, தந்துகியைவிடக் குறைவு. ஆனால் ரத்தம் தந்துகியைவிடப் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. உங்கள் விதி அந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

இப்போது அவள் பக்கம். பள்ளி இயற்பியலில் தொடர்ச்சிச் சமன்பாடு படித்திருப்பாள்: பரப்பு × வேகம் மாறாது, குழாய் குறுகினால் வேகம் கூடும். தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுகிறதல்லவா, அதுதான். உடம்பில் மிக அகலமான குழாய் என்று அவளுக்குத் தோன்றியது எது? பெருந்தமனி. ஆகவே அங்கேதான் மெதுவாக ஓட வேண்டும். பிசிறில்லாத தர்க்கம். (பெருஞ்சிரை இன்னும் அகலம், அதை விடுங்கள்.) முக்கியமாக ஓர் இடத்தில் சறுக்கினாள்: ஒரு தந்துகியை எடுத்து ஒரு பெருந்தமனியோடு ஒப்பிட்டாள். ஒப்பிட வேண்டியது எல்லாத் தந்துகிகளையும் சேர்த்த பரப்பு. உங்கள் உடலியங்கியல் புத்தகத்திலேயே இருக்கும்: பெருந்தமனியின் குறுக்குவெட்டு சுமார் 2.5 சதுர சென்டிமீட்டர், தந்துகிகள் மொத்தம் சுமார் 2,500. ஆயிரம் மடங்கு. ஆகவே வேகம் ஆயிரத்தில் ஒன்று: விநாடிக்கு சுமார் 33 சென்டிமீட்டர் என்பது 0.3 மில்லிமீட்டராகிறது. தந்துகியின் நீளமும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் என்பதால் ரத்தம் அதற்குள் ஒன்றிலிருந்து மூன்று விநாடி இருக்கும். பெருஞ்சிரைகளில் மொத்தப் பரப்பு மறுபடி சுமார் 8 ஆகச் சுருங்குகிறது, வேகம் திரும்ப ஏறுகிறது. அழுத்தத்தைத் தொடாமலே கதை முடிந்தது.

நீங்கள் செய்தது என்ன தெரியுமா? அவள் தலையில் இயற்பியல் ஒன்று சொல்கிறது, மருத்துவம் படிக்கும் அண்ணா வேறொன்று சொல்கிறார். இரண்டும் ஏன் மோதுகின்றன என்று யாரும் சொல்லவில்லை. அண்ணாவோடு வாதாட முடியுமா? "புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, பரீட்சையில் தனக்கு நியாயமாகப் படுவதை எழுதிவிட்டு வருகிறாள். நியாயமான பிள்ளை.

#6 சும்மா_வந்தவன்

வாத்தியாரே, செம. இதுக்குத்தான் இந்தப் பக்கம் வர்றது.

#7 கழுத்தில்_ஸ்டெத்

சார், ரெண்டு தடவை படிச்சேன். உண்மையைச் சொல்லணும்னா, அந்த 2,500-ங்கிற எண்ணை நானும் மனப்பாடம் பண்ணியிருக்கேன். பரீட்சையில எழுதியிருக்கேன். அதுதான் காரணம்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை. ரெண்டும் தலைக்குள்ள வேற வேற அறையில இருந்திருக்கு.

நேத்து அவகிட்ட, "போன தடவை பெருந்தமனின்னு ஏன் சொன்ன? தப்பு கண்டுபிடிக்கக் கேட்கலை, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்"னு கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. (இந்தத் தடவை நான் வாயைத் திறக்கலை, மைக்கையே அணைச்சு வெச்சிருந்தேன்.) அப்புறம் அப்படியே வாத்தியார் சார் சொன்னதையே சொன்னா. விரல் வெச்ச குழாய் உட்பட. "ஏம்மா அன்னிக்கே சொல்லலை"ன்னா, "நீங்க மெடிக்கல் படிக்கறீங்க அண்ணா, உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்".

#8 மூன்றாம்_முறை

நான் எதிர்ப் பக்கத்துல இருந்து பேசறேன். மூணாவது தடவை எழுதப் போறேன். மூணு வருஷத்துல நாலு ட்யூட்டர், அதுல மூணு பேர் மருத்துவ மாணவர்கள்.

"புரிஞ்சுது"ன்னு ஏன் சொல்றோம்? சில நேரம் நிஜமாவே புரிஞ்ச மாதிரிதான் இருக்கும். அண்ணா போடும்போது ஒவ்வொரு வரியும் சரியாத்தான் தெரியும். ராத்திரி வெள்ளைத்தாளை எடுத்தா முதல் வரியே வராது. இன்னும் சில நேரம், ரெண்டு தடவை "புரியலை"ன்னு சொல்லியாச்சு, மூணாவது தடவை சொல்ல வெட்கம். இன்னொண்ணும் இருக்கு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க: மணி பார்த்துட்டே இருப்போம். அப்பா பணம் கட்டறார். ஒரே கணக்குல அரை மணி நேரம் நின்னா பாடம் முடியாதேன்னு பயம்.

எனக்கு நல்லா இருந்த ஒரு அக்கா என்ன செஞ்சாங்கன்னா, வகுப்பு ஆரம்பிச்சதும் போன வாரப் பாடத்தை நான் அவங்களுக்கு அஞ்சு நிமிஷம் சொல்லணும். நோட்டு மூடியிருக்கணும். முதல் மாசம் நரகம். நடுவுல எங்கே தடுமாறுறேனோ அங்கிருந்துதான் அன்னிக்குப் பாடம். புதுசா எதுவும் நடத்தாமலே சில நாள் வகுப்பு முடிஞ்சிருக்கு.

மோசமான ஒரு அண்ணாவும் இருந்தார். ஒவ்வொரு கணக்கும் முடிஞ்சதும், "இது ரொம்ப ஈஸிதான்"ம்பார். ஊக்கப்படுத்தறதா நினைப்பு. ஈஸியான கணக்கு எனக்கு வரலைன்னா நான் யாரு?

#9 இயற்பியல்_வாத்தியார்

அந்த "ஈஸி" பற்றி ஒரு செய்தி. 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர் மனதுக்குள் ஒரு பிரபலமான பாட்டை நினைத்துக்கொண்டு மேசையில் தாளமாகத் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் என்ன பாட்டென்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கேட்டவர்கள் கண்டுபிடித்தது 3. தட்டுபவர் காதில் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பவருக்கு டொக் டொக் மட்டும்தான்.

நம் கலர் அம்புகள் எல்லாம் டொக் டொக் என்று வையுங்கள்.

அந்த அக்கா செய்ததற்கும் ஆதாரம் உண்டு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு உரைநடைப் பத்திகள் கொடுத்தார்கள். சிலர் இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்தவர்கள் முன்னால்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. வகுப்பு முடிந்ததும் "நிறைவாக இருந்தது" என்றீர்களே தம்பி, நீங்கள் அளந்தது அந்த ஐந்தாம் நிமிடத்தை.

#10 பழைய_வார்டு

சரி, இப்போ வேலைக்கு வருவோம். நான் ஹவுஸ் சர்ஜன் ஆகும் வரைக்கும் ட்யூஷன் எடுத்தவ. இதை மட்டும் ஒரு மாசம் செஞ்சு பாரு.

மாதிரித் தேர்வு எழுதும்போதே ஒவ்வொரு விடைக்கும் பக்கத்துல ஒரு குறி போடச் சொல்லு: நிச்சயம், சந்தேகம், குத்துமதிப்பு. திருத்தின பிறகு மார்க்கைப் பார்க்காதே, குறியைப் பாரு. குத்துமதிப்பா போட்டுச் சரியானது எல்லாம் இரவல் மார்க், அடுத்த தடவை போயிடும். "நிச்சயம்"னு போட்டுத் தப்பானதுதான் தங்கச் சுரங்கம். உன் தந்துகிக் கேள்வி அந்த ரகம். தெரியாததை ஒரு மணி நேரத்துல சொல்லிக் கொடுத்துடலாம். தப்பா தெரிஞ்சதைப் பிடுங்கி எடுக்க முதல்ல அது எங்கே வேர் விட்டிருக்குன்னு தெரியணும்.

மிச்சத் தப்பையும் ஒரே கூடையில போடாதே. பாடமே தெரியாம விட்டது வேற, "தவறானது எது"ங்கிறதை "சரியானது எது"ன்னு படிச்சது வேற, நேரம் பத்தாம கடைசிப் பத்தை அவசரத்துல தட்டினது வேற. என் மாணவன் ஒருத்தன் மூணு மாசம் கரிம வேதியியலைத் திரும்பத் திரும்பப் படிச்சான். எண்ணிப் பார்த்தா தப்புல பாதி கேள்வியை ஒழுங்கா படிக்காதது. வேதியியலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆமா, குத்துமதிப்புன்னதும் நினைவு வருது. அவ எழுதப் போற தேர்வோட கழிவு விதி உனக்கே சரியா தெரியுமா? அமெரிக்காவோட எம்-கேட், பிரிட்டனோட யூ-கேட் ரெண்டு மருத்துவ நுழைவுத் தேர்வுலயும் தப்புக்குக் கழிவே கிடையாது, காலியா விடறது முட்டாள்தனம். இந்தியாவோட நீட்ல சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. நாலு விருப்பத்துல கண்ணை மூடிக் குத்தினாலும் சராசரியா நாலு கேள்விக்கு ஒரு மார்க் மிஞ்சும், ரெண்டு விருப்பத்தை உறுதியா ஒதுக்க முடிஞ்சா ஒரு கேள்விக்கே ஒன்றரை. "சந்தேகம்னா விட்டுடு"ன்னு பொதுவா சொல்லி வைக்கிறவங்க இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை.

#11 சும்மா_வந்தவன்

இதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். "நான் எழுதினப்போ"ன்னு ஆரம்பிக்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காலாவதித் தேதி போட்டுக்கோங்க. எம்-கேட் 2015-ல அமைப்பே மாறிச்சு, உளவியல் சமூகவியல் பகுதி புதுசா வந்துச்சு. யூ-கேட்ல இருந்த உருவப் புதிர் பகுதியை 2025-ல எடுத்துட்டாங்க. அது தெரியாம பழைய புத்தகத்தை வெச்சு உருவப் புதிர் நடத்தினா, அந்த நேரம் மொத்தமும் குப்பை. மருத்துவ மாணவன்கிட்ட ட்யூஷன் போறதே நேத்துதான் எழுதினவன்ங்கிற காரணத்துக்காக. அந்தச் சரக்கு மூணு வருஷத்துல ஊசிப் போயிடும்.

#12 ஒரு_அம்மா

எல்லாரும் நல்லா எழுதறீங்க. என் மகன் இந்த வருஷம் விண்ணப்பிக்கிறான். எழுத்துத் தேர்வு முடிஞ்சுது. இனி ஒரு கட்டுரையும் நேர்காணலும். "ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்"னு எழுதணுமாம். அவனுக்குக் கோர்வையா எழுத வராது. மருத்துவ மாணவர் யாராவது எழுதிக் கொடுப்பீங்களா? உரிய தொகை கொடுத்துடறேன். நேர்காணலுக்கும் நல்ல பதில்கள் தயார் பண்ணிக் கொடுத்தா மனப்பாடம் பண்ணிடுவான்.

#13 பழைய_வார்டு

அம்மா, எழுதிக் கொடுக்கறதுக்கு இல்லை. நான் மாட்டேன், இங்க யார் முன்வந்தாலும் நீங்க ஒத்துக்காதீங்க. கையெழுத்துப் போடறது உங்க பையன். நேர்காணல்ல அந்தக் கட்டுரையை வெச்சே கேள்வி வந்தா அவன் மாட்டிக்குவான். மாட்டலைன்னாலும் அது பொய்தான்.

ஆனா உதவி பண்ண வழி இருக்கு. நான் செய்யறது இதுதான்: பேனாவைத் தொட மாட்டேன், கேள்வி மட்டும் கேட்பேன். ஒரு பையன் "சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை"ன்னு எழுதிட்டு வந்தான். சேவைன்னா தீயணைப்பு வீரர் ஆகலாமே, ஏன் மருத்துவம்னேன். முழிச்சான். கடைசியா ஆஸ்பத்திரிக்கு எப்போ போனன்னு கேட்டேன். தாத்தாவுக்கு டயாலிசிஸ், வாரம் மூணு நாள், இவன்தான் துணைக்குப் போவான். அங்கே என்ன பார்த்தன்னு கேட்டா, மெஷினைப் பத்தி இருபது நிமிஷம் பேசறான். அந்தச் சவ்வு வழியா எது போகும், எது போகாது, தாத்தா ஏன் தண்ணியை அளந்து குடிக்கணும்னு. இதை விட்டுட்டு "சிறு வயது முதலே"ன்னு எழுதியிருக்கான்! ஏன்டா எழுதலைன்னா, "இதெல்லாம் எழுதலாமாக்கா?" அவனே எழுதினான். ரெண்டு இடத்துல வாக்கியம் நொண்டும். நான் திருத்தலை.

நேர்காணல் மனப்பாடத்துக்கு இன்னும் லாயக்கில்லை. கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல 2000-களின் தொடக்கத்துல பல நிலைய நேர்காணல்னு ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க, இப்போ பல நாட்டுல அதுதான். வரிசையா அறைகள். கதவுல ஒரு சூழ்நிலை எழுதியிருக்கும். ரெண்டு நிமிஷம் போலப் படிக்கலாம், உள்ளே சில நிமிஷம் பேசணும், மணி அடிச்சா அடுத்த அறை. ஒவ்வொரு அறையிலும் வேற ஆள் மார்க் போடுவாங்க, ஒரு அறையில சொதப்பினா அடுத்த அறைக்குத் தெரியாது. அவங்களுக்கு நீதிபதித் தீர்ப்பு வேண்டாம், ரெண்டு பக்கமும் பார்க்கத் தெரியுதான்னு பார்ப்பாங்க. மனப்பாடப் பையன் கேள்வி முடியறதுக்கு முன்னாடியே பதிலை ஆரம்பிச்சுடுவான், அதுலயே தெரிஞ்சுடும்.

தினம் பத்து நிமிஷம் நீங்களே அவன்கிட்ட ஒரு சிக்கலைச் சொல்லி, "நீ என்ன செய்வே, ஏன்?"னு கேளுங்க. அதுக்குப் பணம் கொடுத்து ஆள் வைக்க வேண்டாம்.

#14 ஒரு_அம்மா

நேரா சொன்னதுக்கு நன்றிம்மா. கொஞ்சம் சுருக்குனு இருந்துச்சு. இன்னிக்கு ராத்திரி அவன்கிட்ட கேட்டுப் பார்க்கிறேன்.

#15 கழுத்தில்_ஸ்டெத்

ஆறு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நடுவுல என் பரீட்சை.

அதைப் பத்தி முதல்ல. ஃபிசியாலஜி தேறிட்டேன், கரைமேல ஏறின மாதிரிதான். வாய்மொழித் தேர்வுல சிறுநீரகம் கேட்டாங்க, உளறினேன். தந்துகி வந்திருந்தா கலக்கியிருப்பேன், வரலை. மூணு பேருக்கு வகுப்பு, அதுக்குத் தயாரிப்பு, திருத்தறதுன்னு வாரத்துல பன்னிரண்டு மணி நேரம் போயிட்டிருந்துச்சு, கணக்கே போட்டதில்லை. ஒரு பையனை என் வகுப்புத் தோழன்கிட்ட ஒப்படைச்சுட்டேன். அவங்க வீட்ல "சீட் உறுதியா கிடைக்குமா"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. என்னால அப்படிச் சொல்ல முடியாதுன்னதும் அவங்களுக்கும் ஆர்வம் குறைஞ்சிடுச்சு.

அந்தப் பொண்ணு விஷயம். வகுப்பை ஒரு மணி நேரமா குறைச்சேன். முதல் பத்து நிமிஷம் அவ எனக்கு நடத்துவா. முதல் வாரம் "நல்லாத்தானே நடத்திட்டிருந்தீங்க அண்ணா"ன்னு சலிச்சுக்கிட்டா. குறி போடற முறையில முதல் தேர்விலேயே "நிச்சயம்"னு போட்டுத் தப்பானது 14 வந்துச்சு. எல்லாத்துக்கும் அவகிட்ட ஒரு காரணம் இருந்துச்சு, அதுல சிலது என் காரணத்தைவிட நல்ல காரணம். மார்க் 57, 61, 60, 64. பெரிய தாவல் இல்லை. இரவல் மார்க்கைக் கழிச்சுப் பார்த்தா பழைய 57-ல நிஜம் 44 போலத்தான் இருந்திருக்கும்னு இப்போ தோணுது.

"புரியலை"ன்னு இப்போ சொல்றா. போன ஞாயிறு நாலு தடவை சொன்னா. ஒரு தடவை எனக்கே எரிச்சல் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

வாத்தியார் சார், அவ உங்களுக்குன்னே ஒரு கேள்வி விட்டிருக்கா. "ஒரு இடத்துல மட்டும் தமனி குறுகினா அந்த இடத்துல வேகம் கூடும், சரி. உடம்புல உள்ள சிறு தமனி எல்லாம் ஒரே நேரத்துல சுருங்கினா வேகம் கூடுமா, குறையுமா?" மொத்தப் பரப்பு குறையுது, அதனால கூடணும்னு எனக்கு முதல்ல பட்டுச்சு. ஆனா ஆரம் பாதியானா எதிர்ப்பு 16 மடங்காகுமே, அப்போ ஓட்டமே குறைஞ்சிடாதா? ராத்திரி பூரா யோசிச்சேன். எது சார் சரி?

#16 இயற்பியல்_வாத்தியார்

நல்ல கேள்வி. இதயம் அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்பதை அவள் இன்னும் சொல்லவில்லை. விடை எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளிடமே கேளுங்கள், மைக்கை அணைத்துவிட்டு.